எலிக்குள் ஒளிரும் நனோ துணிக்கைகள்: திருகோணமலையிலிருந்து சில கேள்விகள்

உப்புவெளிப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரசாயனவியலில் பட்டம் முடித்து ஒரு வருடமாக வீட்டில் இருந்துகொண்டு உயர்தரப் பிள்ளைகளுக்கு ரியூசன் எடுக்கிறேன். வெளிநாட்டில் ஒரு ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன், வருகிற வியாழக்கிழமை நேர்முகம். ஒளியை உமிழும் நனோ துணிக்கைகளைச் செய்து, சுண்டெலியின் இரத்தத்துக்குள் செலுத்தி, அவை உடம்புக்குள் எங்கே போகின்றன, புற்றுக் கட்டி இருக்கிற இடத்தில் சேர்கின்றனவா என்று வெளியே இருந்து கமராவால் பார்ப்பதுதான் அங்கே நடக்கிற வேலை.

இந்தத் தலைப்பு எனக்குப் பிடித்ததற்கு அப்பாதான் காரணம். அவர் கடற்தொழில். அமாவாசையை ஒட்டிய நாட்களில் வலை இழுக்கும்போது கண்ணிக்குக் கண்ணி நீலமாக மின்னும் என்று சின்ன வயதில் சொல்வார். ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். தண்ணீருக்குள் கையை விட்டால் விரல் இடுக்கால் வெளிச்சம் வழிந்தது. கரைக்கு வந்து, விளக்குப் போட்ட விடுதிப் பக்கம் நின்று அதே கடலைப் பார்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். நான் வாசித்த கட்டுரைகள் எல்லாம் தங்கள் துணிக்கை எவ்வளவு பிரகாசம் என்பதைத்தான் பெரிதாகச் சொல்கின்றன. பிரகாசம் கூடினால் போதுமா? அடுத்தது அம்மாவின் கேள்வி: அந்த எலிகளை என்ன செய்வார்கள்? மூன்றாவது, இதைப் படித்துவிட்டு வந்து இங்கே ஏதாவது செய்ய முடியுமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

மூதூரான் எழுதியது:

தங்கச்சி, நான் மூதூர்தான், எட்டு வருடமாக இந்த வேலையிலேயே இருக்கிறேன். முதல் கேள்விக்கான பதிலை உங்கள் அப்பா உங்களுக்குக் கடலில் காட்டிவிட்டார். விடுதிப் பக்கம் வந்ததும் கடலின் வெளிச்சம் குறையவில்லை, சுற்றியிருந்த வெளிச்சம் கூடிவிட்டது. எலிக்குள்ளும் இதேதான் நடக்கிறது. துணிக்கை எவ்வளவு ஒளிர்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல ஏலாது, அதன் பின்னணி எவ்வளவு இருட்டு என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடவேண்டும்.

உடம்பு இருட்டு என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் நீல ஒளியை அடித்தால் தோல், கொலாஜன் என்ற புரதம், கலத்துக்குள் இருக்கிற சில மூலக்கூறுகள் எல்லாம் தாமாகவே பச்சையாக ஒளிர்ந்து காட்டும். உங்கள் துணிக்கையும் பச்சையாக ஒளிர்ந்தால் எது எது என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

என் முதல் வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சிவப்பில் ஒளிரும் துணிக்கை ஒன்றை வால் நாளத்தில் ஏற்றினோம். 22 கிராம் எலி, ஏற்றியது 100 மைக்ரோலீற்றர், மயக்க வாயு மூக்கில், கறுப்புப் பெட்டிக்குள் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினால் வயிறு முழுக்கச் சிவப்பாக ஒளிர்கிறது. துணிக்கை குடலுக்குப் போய்விட்டது என்று நான் பக்கம் பக்கமாக எழுதினேன். இரண்டு கிழமைக்குப் பிறகு வேறு ஒருவர் வந்து, ஒன்றும் ஏற்றாத எலியை அதே பெட்டிக்குள் வைத்து அதே படத்தை எடுத்துக் காட்டினார். ஒளிர்ந்தது தீனி! எலித் தீனியில் அல்பல்பா என்ற தீவனப் பயிர் கலப்பார்கள், அதிலுள்ள பச்சையம் குடலுக்குள் கிடந்து சிவப்பாக ஒளிரும். அல்பல்பா இல்லாத தீனியைச் சில நாள் கொடுத்த பிறகு வயிறு அடங்கியது. ஒன்றும் ஏற்றாத எலியை முதல் நாளே வைத்துப் பார்த்திருக்கவேண்டும். நேர்முகத்தில் இதை நிச்சயம் சொல்லுங்கள்.

இன்னொன்று. இன்றைக்குக் கரண்ட் போனால் போன் டோர்ச்சை விரலுக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். சிவப்பு மட்டும்தான் வெளியே வரும், மற்ற நிறங்களை ஈமோகுளோபின் பெருமளவு விழுங்கிவிடும். அதோடு விரலுக்குள் எலும்பு இருந்தும் எலும்பின் நிழல் தெரியாது. ஏனென்றால் வருகிற சிவப்பும் ஆயிரம் தடவை முட்டி மோதித் திசை மாறித்தான் வருகிறது. ஒன்று விழுங்குவது, மற்றது சிதறடிப்பது, இந்த இரண்டோடும்தான் எங்கள் மல்லுக்கட்டு. கொரோனாக் காலத்தில் வீடு வீடாக வாங்கி வைத்தோமே, விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கிற கருவி, அதற்குள் இருக்கிற இரண்டு விளக்குகளும் சுமார் 660, 940 நனோமீற்றர்தான். விரலைக் கடந்து மறுபக்கம் போகக்கூடிய அலைநீளங்கள் என்பதும் அவற்றைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். 650 இலிருந்து 950 வரை உடம்பில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது என்று வையுங்கள்.

திருமலைவாத்தியார் எழுதியது:

நல்ல இழை. 30 வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன் என்ற முறையில் கொஞ்சம் எழுதுகிறேன். மூதூரான் சொல்கிற 700க்கு மேற்பட்ட பகுதியை நம் பாடப்புத்தகம் செங்கீழ்க் கதிர் என்கிறது, இந்தியப் புத்தகங்களில் அகச்சிவப்பு என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

2023இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் குவாண்டம் புள்ளிகள் என்ற நனோப் பளிங்குகளுக்காகக் கிடைத்தது. ஒரே கட்மியம் செலனைட்டுத்தான், துணிக்கை 2 நனோமீற்றர் அளவில் இருந்தால் நீலம், 6 அளவில் இருந்தால் சிவப்பு. பொருளை மாற்றாமல் பருமனை மாற்றி நிறத்தை மாற்றலாம் என்பதைக் கேட்டதும் வகுப்பில் பின்வரிசைப் பிள்ளைகூட நிமிர்ந்து உட்காரும். 1998இல் இரண்டு குழுக்கள் ஒரே சஞ்சிகை இதழில் இதைக் கலங்களுக்குள் பயன்படுத்திக் காட்டின. அதிலிருந்துதான் இந்தத் துறை ஓடத் தொடங்கியது.

ஆனால் கட்மியம் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய்க்குச் சந்தேகிக்கப்பட்ட காரணங்களில் அதுவும் ஒன்று, பதவியாப் பக்கத்து மக்கள் பட்ட பாட்டை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். மேலே துத்தநாக சல்பைட்டால் ஓடு போட்டுத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியும். என்றாலும் ஓடு எவ்வளவு காலம் தாங்கும்?

அதனால் பிள்ளை, காபன் புள்ளிகள் என்ற, காபனால் ஆன ஒளிரும் துணிக்கைகளைப் பாருங்கள். 2004இல் காபன் நனோக் குழாய்களைச் சுத்தப்படுத்தும்போது தற்செயலாகக் கிடைத்தவை. சித்திரிக் அமிலத்தையும் யூரியாவையும் மைக்ரோவேவில் வைத்தாலே வரும், காசுத் தாள் பார்க்கிற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். கடைத்தெருவில் கிடைக்கிற சாமான்களோடு திருகோணமலையிலேயே செய்யலாம். வெளிநாடு போவானேன்?

மூதூரான் எழுதியது:

சேர், வகுப்பறைக்கு அது அருமையான பரிசோதனை. ஆனால் அந்த நீலம் எலிக்குள் இருந்து வெளியே வராது, ஊதாவும் உள்ளே போகாது. தோலுக்குக் கீழே ஒரு மில்லிமீற்றர் போனாலே கதை முடிந்தது. சிவப்பில் ஒளிரும் காபன் புள்ளிகளைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அங்கேதான் கஷ்டம் தொடங்குகிறது. தங்கச்சி இங்கே இருந்தும் படிக்கலாம் என்ற உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு, அதைப் பிறகு கதைப்போம்.

கிண்ணியா மிருகவைத்தியர் எழுதியது:

தலைப்பில் எலி என்று கண்டு ஓடி வந்தேன். இந்த வேலையைச் சிறு விலங்குப் படமெடுப்பு என்பார்கள். எங்கள் தொழிலில் சிறு விலங்கு என்றால் நாய், பூனை. ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சுண்டெலி, பெரிய எலி, வரிக்குதிரை மீன். இரண்டையும் குழப்பக்கூடாது. எலியில் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் தெரிந்தது, 30 கிலோ நாயில் பத்து சென்ரிமீற்றர் ஆழத்தில் தெரியாது. மனிதரிலும் அப்படித்தான். எலிப் படத்தைப் பார்த்துவிட்டு நாளைக்கே புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதுகிற பத்திரிகைகளைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. நாளைக்கு அதே செய்தியோடு ஒரு நோயாளியின் பிள்ளைதானே வந்து நிற்கும்?

ஆனால் சத்திர சிகிச்சையில் உடம்பைத் திறந்து வைத்திருக்கும்போது ஆழம் ஒரு பிரச்சினை இல்லை. இந்தோசயனின் கிறீன் என்ற சாயம் 1950களில் இருந்து மனிதரில் பாவனையில் இருக்கிறது, இப்போது நாய்களிலும் நிணநீர்க் கணுவைக் கண்டுபிடிக்கப் பாவிக்கிறார்கள். அது துணிக்கை இல்லை, வெறும் சாய மூலக்கூறு, சில நிமிடங்களிலேயே ஈரல் அதை இரத்தத்திலிருந்து எடுத்துப் பித்தத்தோடு அனுப்பிவிடும்.

இனி அம்மாவின் கேள்வி. அம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள் பிள்ளை. கடைசியில் எலி சாகத்தான் செய்யும், பெரும்பாலான ஆய்வுகளில். ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். படமெடுப்பு இல்லாவிட்டால், மருந்து எங்கே போகிறது என்று ஐந்து வேறு நேரங்களில் அறிய, ஒவ்வொரு நேரத்துக்கும் ஆறு எலி, மொத்தம் முப்பது எலியை வெட்டவேண்டும். படமெடுத்தால் அதே ஆறு எலியை ஐந்து தடவை மயக்கிப் பார்க்கலாம். 1959இல் ரசல், பேர்ச் என்ற இருவர் எழுதி வைத்த மூன்று விதிகள் இன்றைக்கும் விலங்கு ஆய்வுக்கு அனுமதி தருகிற பெரும்பாலான குழுக்களுக்கு அடிப்படை: விலங்கு இல்லாமல் முடியுமா பார், முடியாவிட்டால் குறை, குறைத்த பின் இருப்பவற்றின் வேதனையைத் தணி.

தணிப்பது என்றால் வாயால் சொல்வதல்ல. மயங்கின எலி பத்து நிமிடத்தில் குளிர்ந்துவிடும், அடியில் சூட்டுத் தட்டு இருக்கிறதா? கண் திறந்தபடியே மயங்கும், காயாமல் களிம்பு பூசுகிறார்களா? 25 கிராம் எலிக்கு மொத்த இரத்தமே 2 மில்லிலீற்றருக்கும் குறைவு, அதில் எவ்வளவு ஏற்றுகிறார்கள்? நேர்முகத்தில் இவற்றை நீங்கள் திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிற இடத்துக்குப் போகவேண்டாம்.

உப்புவெளிப்பிள்ளை எழுதியது:

மெத்தப் பெரிய நன்றி டொக்டர். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முப்பது, ஆறு என்ற கணக்கை இரண்டு தரம் கேட்டார். பிறகு "அந்த ஆறுக்கும் நோகாமல் பார்த்துக்கொள்" என்றார்.

மூதூரான் அண்ணா, ஒளியை அடித்தால்தானே உடம்பும் சேர்ந்து ஒளிர்கிறது, அடிக்காமலே துணிக்கையை ஒளிரவைக்க வழி இருக்கிறதா? அப்பாவின் கடலுக்கு யாரும் லேசர் அடிக்கவில்லையே.

மூதூரான் எழுதியது:

இந்தக் கேள்வியை வியாழக்கிழமை அப்படியே கேளுங்கள்.

கடலில் இருப்பது உயிர் செய்கிற இரசாயன ஒளி, மின்மினியிலும் அதே வகைதான். மின்மினியின் நொதியத்தை எலியின் புற்றுக் கலத்துக்குள் வைத்துப் பார்ப்பது ஒரு பெரிய தனி வழி. துணிக்கையில் இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டும் எனக்குப் பிடித்தவை.

முதலாவது, ஒளியைத் தேக்கி வைப்பது. இருட்டில் மினுங்கும் கடிகார முள்ளைப் பார்த்திருப்பீர்கள். கந்தளாய்க் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள், மாரியில் நிரம்பும், பிறகு மதகால் சிறிது சிறிதாக விட்டால் மாதக் கணக்கில் வயலுக்குப் பாயும். இந்தப் பளிங்குகளுக்குள் இருக்கிற குறைபாடுகளில் இலத்திரன்கள் அப்படித் தேங்கி நிற்கின்றன, உடம்புச் சூடே போதும், மெல்ல மெல்லத் தப்பி வந்து ஒளியாகும். 2007இல் பாரிஸ் ஆய்வாளர்கள் துணிக்கையை வெளியே வைத்து ஊதாக் கடந்த ஒளியால் நிரப்பிவிட்டு எலிக்கு ஏற்றிக் காட்டினார்கள். படமெடுக்கும்போது விளக்கே எரியாது, ஆகையால் உடம்பு ஒளிர்வதற்கு வழியில்லை. அல்பல்பாத் தீனியும் சும்மா கிடக்கும். ஒரேயொரு குறை, குளம் வற்றினால் எலிக்குள் வைத்து மறுபடி நிரப்ப முடியவில்லை. 2014இல் குரோமியம் கலந்த சிங்க் கலேற் துணிக்கையால் அதையும் தீர்த்தார்கள், தோலுக்கு வெளியே இருந்து செம்மஞ்சள் சிவப்பு எல்ஈடி ஒளியைக் காட்டினாலே மறுபடி நிரம்பும். அது உமிழ்வது ஏறத்தாழ 700 நனோமீற்றரில், ஜன்னலுக்குள்ளேயே.

இரண்டாவது, மேல்மாற்றம். இதற்கு ஒளியை அடிக்கத்தான் வேண்டும், ஆனால் உடம்பு சேர்ந்து ஒளிராது. சின்ன நோட்டு இரண்டைக் கொடுத்துப் பெரிய நோட்டு ஒன்றை வாங்குவது மாதிரி. சோடியம் இற்றியம் புளோரைட்டுக்குள் இற்றர்பியம், தூலியம் என்ற இரண்டு அருமண் மூலகங்களைக் கலந்தால், 980 நனோமீற்றரை உள்ளே எடுத்து 800ஐ வெளியே விடும். வாங்குவதைவிடச் சக்தி கூடிய ஒளியை உமிழ்கிறது. இந்த அளவு லேசரில் இந்த வித்தை உடம்புக்குத் தெரியாது, ஆகவே பின்னணி கிட்டத்தட்ட இல்லை. ஆனால் 980ஐத் தண்ணீர் உறிஞ்சும், எலியின் தோல் சுடும். அதனால் நியோடிமியம் சேர்த்து 808க்கு மாறினார்கள். இன்னும் தீராதது, உள்ளே போகிற சக்தியில் மிகச் சிறு பங்குதான் ஒளியாக வெளியே வருகிறது.

இவ்வளவும் ஒளியின் கதை. துணிக்கை போய்ச் சேருகிற கதை வேறு, அதுதான் என் நித்திரையைக் கெடுப்பது. 2016இல் பத்து வருடக் கட்டுரைகளைக் கூட்டிப் பார்த்தார்கள், ஏற்றிய அளவில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுத்தரமாக 0.7 வீதம். நூறு ஏற்றினால் ஒன்றுகூட இல்லை! பெரும்பகுதி ஈரலிலும் மண்ணீரலிலும் மாட்டிக்கொள்கிறது, அங்கேயுள்ள விழுங்கு கலங்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். 5.5 நனோமீற்றருக்குள் இருந்தால் சிறுநீரோடு வெளியேறலாம் என்று 2007இல் குவாண்டம் புள்ளிகளை வைத்துக் காட்டினார்கள். நான் மேலே சொன்ன இரண்டு வகைத் துணிக்கைகளும் பெரும்பாலும் அதைவிடப் பெரியவை.

புல்மோட்டையான் எழுதியது:

நியோடிமியம், இற்றியம் என்று கண்டதும் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் புல்மோட்டை மணலில் இல்மனைட், உரூத்தைல், சேர்க்கனோடு மொனசைட்டும் இருக்கிறது, மொனசைட்டில் அருமண் மூலகங்கள் இருக்கின்றன. கறுப்பு மணலைக் கப்பல் கப்பலாக ஏற்றுகிறோம், அதைக்கொண்டு இப்படி ஒரு துணிக்கையை இங்கேயே செய்தால் என்ன? வாழ்நாள் முழுக்க அந்த மணலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவன் கேட்கிறேன்.

திருமலைவாத்தியார் எழுதியது:

தம்பி, எனக்கும் அந்த ஆசை இருந்தது, தேடிப் பார்த்துக் கொஞ்சம் தெளிந்திருக்கிறேன். மொனசைட்டில் சீரியம், இலந்தனம், நியோடிமியம் போன்ற பாரம் குறைந்தவைதான் அதிகம். மேல்மாற்றத்துக்கு வேண்டிய இற்றர்பியம், தூலியம் மிகக் குறைவு, அவற்றைச் செனோரைம் போன்ற வேறு கனியங்களில் தேடவேண்டும். அதோடு மொனசைட்டில் தோரியம் இருக்கிறது, கதிர்வீசும், பிரிப்பது வீட்டு வேலை இல்லை. இன்னொன்று, ஒரு ஆய்வுகூடத்துக்கு வருடத்துக்குச் சில கிராம் போதும். இவர்களுக்குத் தேவை சுத்தம்தான், அளவு எப்போதுமே தடையாக இருக்கவில்லை. ஆனால் அருமண் மூலகங்களைப் பிரித்தெடுக்கிற இரசாயனத்தை நம் பிள்ளைகள் படிக்கவேண்டும் என்பதில் உங்களோடு நான் நிற்கிறேன். மணலாகவே கப்பல் ஏறுவது எனக்கும் வலிக்கிறது.

உப்புவெளிப்பிள்ளை எழுதியது:

நேற்று இரவு ஒரு வேலை செய்தேன். அம்மா கறிக்கு வாங்கின கோழியில் நெஞ்சுத் துண்டு ஒன்றை ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டிக் கேட்டு வாங்கினேன். அறையின் விளக்கை அணைத்து, சப்பாத்துப் பெட்டியில் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு மேல் இறைச்சியை வைத்து, கீழே இருந்து தம்பியின் நீலச் சாவிக்கொத்து விளக்கைப் பிடித்தேன். மேலே ஒன்றும் வரவில்லை என்றே சொல்லலாம். சைக்கிளின் பின் விளக்கைப் பிடித்தேன், துண்டு முழுக்கச் சிவந்து நின்றது. பல்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்ல முடியவில்லை, ஒரு ரூபாய்க் குற்றியை இடையில் வைத்தேன், விளிம்பே இல்லாத ஒரு மங்கல்தான் தெரிந்தது. அண்ணா சொன்ன சிதறல் இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

பிறகு கோழி ஈரலை வைத்தேன். நெஞ்சுத் துண்டைவிட மெல்லியது, அப்படியிருந்தும் சிவப்பு விளக்கே தணல் அணைந்த மாதிரி மங்கிவிட்டது. துணிக்கைகள் அதிகமாகப் போய்ச் சேருகிற இடம் ஈரல் என்கிறீர்கள், வெளிச்சத்தை ஆகக் கூடுதலாக விழுங்குகிற இடமும் அதுவாக இருக்கிறதே. அப்படியானால் ஈரலில் எவ்வளவு இருக்கிறது என்று படத்தைப் பார்த்து எப்படி எண்ணுகிறீர்கள்?

மூதூரான் எழுதியது:

எண்ணுவதில்லை தங்கச்சி, எண்ண ஏலாது. படம் எங்கே என்று காட்டும், எவ்வளவு என்று கேட்டால் பொய் சொல்லிவிடும். தோலுக்குக் கீழே இருக்கிற கொஞ்சம் பெரிதாகத் தெரியும், ஈரலுக்குள் இருக்கிற நிறையச் சின்னதாகத் தெரியும். அதனால்தான் கடைசியில் எலியைக் கொன்று, உறுப்புகளைத் தனித்தனியாக நிறுத்து, அமிலத்தில் கரைத்து, இற்றியத்தை மட்டும் திணிவு நிறமாலையில் அளக்கிறோம். எலியின் உடம்பில் இற்றியம் இயல்பாக இல்லாத மாதிரித்தான், ஆகவே அளவு தெளிவாக வரும். அம்மா கேட்ட கேள்விக்கு டொக்டர் சொன்ன "கடைசியில்" என்பது இந்த இடம்தான்.

கட்டுரைகளில் படத்தைப் பார்க்கும்போது இன்னொன்று கவனியுங்கள். அந்த நீலம், மஞ்சள், சிவப்பு எல்லாம் கொம்பியூட்டர் பூசின நிறம். கமரா பிடிப்பது வெறும் எண்ணிக்கை. பக்கத்தில் இருக்கிற நிற அளவுகோல் எந்த எண்ணில் தொடங்குகிறது, இரண்டு எலிக்கும் ஒரே அளவுகோல்தானா என்று பாருங்கள். தொடக்க எண்ணைக் கூட்டிவிட்டால் பின்னணி எல்லாம் மறைந்து கட்டி மட்டும் சிவப்பாக நிற்கும், வடிவாகத்தான் இருக்கும். நீங்கள் அப்படி ஒருபோதும் செய்யக்கூடாது.

உங்கள் பெட்டி, கோழி, சைக்கிள் விளக்கு மூன்றையும் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறீர்களா? வியாழக்கிழமை அதையே காட்டுங்கள்.

உப்புவெளிப்பிள்ளை எழுதியது:

பிடித்தேன் அண்ணா, ஆனால் இறைச்சி வைக்காமல் வெறும் ஓட்டையைப் படம் எடுக்க மறந்துவிட்டேன். ஒன்றும் ஏற்றாத எலி மாதிரி அதுவும் வேண்டும்தானே. ஈரல் கறியாகிவிட்டது. நாளைக்குக் காலையில் சந்தைக்குப் போய் மறுபடி வாங்கி, முதலில் வெறும் ஓட்டை, பிறகு நெஞ்சு, பிறகு ஈரல் என்று எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எடுத்துப் போடுகிறேன்.